நர்சம்மா கயிறு பிடித்த கதை

யூனிஸ் நார்த்காட் மணியடிக்கப் போனது மணியடிப்பதை நிறுத்தத்தான்.

இங்கிலாந்தில், பிளிமத் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவ நர்சாக இருந்தவள் அவள். நாற்பதைத் தொட்டபோது, நகரம் போதும் என்று டெவன் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஆட்டர்கோம்புக்கு வந்து சேர்ந்தாள். வீடு காட்டிய தரகன் கெட்டிக்காரன். ஒரு புதன்கிழமை மத்தியானம், பறவைச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லாத நேரமாகப் பார்த்து அழைத்துவந்தான்.

"தோட்டச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரு இருக்காங்க?" என்று கேட்டாள் யூனிஸ்.

"கல்லறைத் தோட்டம்மா. இவங்கள மாதிரி அமைதியான அக்கம்பக்கம் உங்களுக்குக் கிடைக்காது."

கல்லறைகளுக்கு நடுவே தேவாலயக் கோபுரம் இருப்பதையும், கோபுரத்துக்குள் ஆறு மணிகள் இருப்பதையும் அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வந்த முதல் வாரமே, சனிக்கிழமை இரவெல்லாம் ஒரு பண்ணை வீட்டில் பிரசவம் பார்த்துவிட்டு விடிந்தபின் வீடு திரும்பினாள். தலையணையில் தலை வைத்து, கண் செருகும் நேரம். பக்கத்தில் மலை உருண்டாற்போல ஒரு சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு மணிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. அலமாரியில் கோப்பைகள் ஆடின. ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும் என்று பார்த்தாள். நிற்கவில்லை. ராத்திரி உடுப்பின் மேல் மழைக்கோட்டை மாட்டி, ரப்பர் பூட்ஸைக் காலில் செருகிக்கொண்டு, சுவரேறிக் குதித்துக் கோபுரப் படிகளில் ஏறினாள்.

மேலே ஆறு பேர் வட்டமாக நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கத்தினாள். அப்போதும் யாரும் திரும்பவில்லை. வட்டத்தின் அந்தப் பக்கம் நின்ற தடித்த ஆள் மட்டும், பார்வையைக் கயிறுகளிலிருந்து எடுக்காமலே பேசினார். அவர்தான் வில்ஃப் எண்டகாட், ஊரின் கசாப்புக் கடைக்காரர், கோபுரத்து மணிக் குழுவின் கேப்டன்.

"அம்மா, கொஞ்சம் பின்னாடி நில்லுங்க. கயித்துல கால் மாட்டிச்சுன்னா உங்களையும் மேல தூக்கிட்டுப் போயிரும்."

யூனிஸ் பின்னால் நின்றாள். ஒருவழியாக மணிகள் நின்றதும் பிடித்துக்கொண்டாள்.

"இதை எப்ப நிறுத்துவீங்க?"

"இப்பதான் நிறுத்தினோமே."

"இன்னிக்கு இல்லைய்யா. ஒரேயடியா."

"முந்நூறு வருஷமா யாரும் நிறுத்தல. நான் நிறுத்தினா என்கிட்ட யாரும் கறி வாங்க மாட்டாங்க."

"நேரத்தையாவது மாத்தலாமில்ல?"

"தாராளமா மாத்தலாம். வருஷக் கூட்டத்துல தீர்மானம் போடணும். ஆனா கயிறு பிடிக்கிறவங்களுக்கு மட்டும்தான் ஓட்டு." வில்ஃப் அவள் பூட்ஸைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அப்ப எனக்கு ஒரு கயிறு குடுங்க," என்றாள் யூனிஸ்.

அவர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த பயிற்சி நாளன்று, மழைக்கோட் இல்லாமல், ஒழுங்கான உடுப்பில் வந்து நின்றாள்.

அந்த மணிகளை வெறுமனே இழுத்தால் போதாது. மணி முதலில் வாய் வானத்தைப் பார்க்கத் தலைகீழாக ஏற்றி நிறுத்தப்படும். கயிற்றை மெல்ல இழுத்தால் முழு வட்டம் சுற்றி, ஒரு தடவை முழங்கி, மறுபடி தலைகீழாகப் போய் நிற்கும். அந்த நேரத்தில் கை எவ்வளவு விட வேண்டும், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதில்தான் வித்தையெல்லாம். கேப்டன் எண் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்துப் பக்கத்து மணிகள் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும், இசையும் மாறும். அவசரப்பட்டால் முன் மணியின் தலையில் போய் ஏறும். அயர்ந்தால் நடுவில் ஓட்டை விழும். எல்லாம் முடிந்ததும் ஆறு மணிகளையும் ஒன்றாகவே படிப்படியாகத் தாழ்த்தி இறக்க வேண்டும்; அது தனி வித்தை.

யூனிஸ் அவசரக்காரி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரசவ வீட்டில் அவளைப் போலப் பொறுமைசாலியைப் பார்க்க முடியாது. முதல் பிள்ளைக்காரி ராவும் பகலும் வலியில் கிடந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள். கயிற்றைக் கையில் கொடுத்தால் மட்டும் அவளுக்கு ரயிலைப் பிடிக்கப் போகிற பரபரப்பு வந்துவிடும்.

"நர்சம்மா, அது தானா வரும். நீங்க போய் இழுத்துட்டு வர வேணாம்," என்று வில்ஃப் தலையில் அடித்துக்கொள்வார்.

"அதை என்கிட்டயா சொல்றீங்க? பொழுதன்னிக்கும் ஊருக்கெல்லாம் நான் சொல்றது அதுதான்."

"சொல்றீங்கல்ல, கொஞ்சம் உங்க காதுலயும் விழட்டும்."

குளிர்காலம் முடியும்போது ஒருவாறு மூன்றாம் மணியை உருட்டும் அளவுக்குத் தேறினாள். வருஷக் கூட்டம் மதுக்கடையின் பின்னறையில் கூடியது. யூனிஸ் எழுந்து, ஞாயிற்றுக்கிழமை மணியை அரை மணி நேரம் தள்ளி அடிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தாள். சண்டைக்குத் தயாராக, சொல்ல வேண்டியதையெல்லாம் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. அத்தனை கைகளும் ஒன்றாகத் தூக்கப்பட்டன. எல்லாருக்குமே அந்த அரை மணித் தூக்கம் வேண்டியிருந்திருக்கிறது. மற்றவர் என்ன நினைப்பாரோ என்று ஒருத்தரும் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை.

நினைத்தது நடந்துவிட்டது. இனி அவள் கயிற்றை விட்டுவிடலாம். வில்ஃப் கூட, "அப்ப, போயிட்டு வாங்க நர்சம்மா," என்று கை நீட்டினார்.

"எங்க போறது? அடுத்த வாரம் இடம் மாத்துறதைச் சொல்லித் தர்றேன்னீங்களே," என்றாள்.

அந்த வட்டாரத்தில் ஒவ்வொரு கோடையிலும் மணிப் போட்டி நடக்கும். கோபுரக் குழுக்கள் ஒரு ஊரில் கூடி, குலுக்கலில் வந்த வரிசைப்படி ஒவ்வொன்றாக அடிக்கும். நடுவர்கள் தெருவுக்கு எதிரே ஒரு வீட்டு மாடியில் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். யார் அடிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. மணிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். தப்புகளைக் கூட்டிச் சொல்வார்கள். குறைந்த தப்பு உள்ள குழுவுக்குக் கோப்பை.

அந்தக் கோப்பை பெரும்பாலும் பக்கத்து ஊரான மெர்லீயில்தான் இருக்கும். மெர்லீயின் கேப்டன் ரூபன் டாப்ஸ்காட், ஆட்டுப் பண்ணைக்காரர். நெட்டையான ஆள், நெட்டையான மௌனம். பேசாததையெல்லாம் எழுத்தில் வைப்பார். ஏனென்றால் வட்டார மணிக்காரர் சங்கத்தின் செய்தி மடலை எழுதுவதும் அவர்தான். எந்தக் கோபுரத்தில் என்ன அடித்தார்கள், யாருக்குக் கல்யாணம், எந்த மணிக்குக் கயிறு புதிது என்று எல்லாம் அதில் வரும். ஊர்க்காரர்கள் தேவாலயத்தில் பிரசங்கத்தைக் கேட்கிறார்களோ இல்லையோ, அந்த மடலைக் கடைசி வரி வரை படித்துவிடுவார்கள்.

யூனிஸின் முதல் போட்டியில் அவள் இழுத்த இழுப்புக்கு, மணியைத் தாங்கும் கட்டை மேலே படாரென்று முறிந்தது. கயிறு சாட்டைபோலச் சுழன்று மேலே சீறியது. சொல்லிக்கொடுத்தபடி கையை விட்டுவிட்டாள். ஆனால் அவள் தொப்பியைக் கயிறு கூடவே கொண்டுபோய்விட்டது. ஆட்டர்கோம்ப் கடைசி.

அந்த மாத மடலில் ரூபன் இப்படி எழுதினார்: 'ஆட்டர்கோம்ப் குழுவும் வந்திருந்தது. மிஸ் நார்த்காட் கொண்டுவந்த எலுமிச்சைக் கேக் அருமையாக இருந்தது.'

யூனிஸ் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. கேக்கப் பத்தி எழுதியிருக்கான் பாருங்க!"

"கேக் நல்லாத்தானே இருந்துச்சு," என்றார் வில்ஃப், விவரம் புரியாமல்.

மறுவருஷமும் கடைசி. 'ஆட்டர்கோம்ப் அடித்தபோது நல்ல வெயில்.' அதற்கும் மறுவருஷம்: 'ஆட்டர்கோம்ப் குழுவினர் நேரத்துக்கு வந்தார்கள்.' யூனிஸ் கேக் கொண்டுபோவதை நிறுத்தினாள். சங்கக் கூட்டங்களில் ரூபன் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

இந்த நிலையில்தான் ரூபனின் மகள் ரோவினா முழுகாமல் இருந்தாள். அவளும் புருஷன் டெரிக்கும் மெர்லீ பண்ணையில்தான் குடியிருந்தார்கள். டெரிக் அதே குழுவில் ஆறாம் மணி அடிப்பவன். மெர்லீயும் யூனிஸின் வேலைக்குட்பட்ட ஊர். ஆகவே அவள் கார் அந்தப் பண்ணைக்குள் வாராவாரம் நுழைந்தது. அது நுழையும்போதெல்லாம் ரூபனுக்கு ஆட்டுப்பட்டியில் அவசர வேலை வந்துவிடும்.

"எங்கப்பா உங்களுக்குப் பயப்படறார் நர்சம்மா," என்பாள் ரோவினா, கட்டிலில் படுத்துச் சிரித்துக்கொண்டே.

"பயமா? அடுத்த மடலுக்கு ஏதாவது யோசிச்சுட்டு இருப்பார்." யூனிஸ் குழந்தையின் இதயத் துடிப்பை எண்ணிக்கொண்டே பதில் சொன்னாள். "பாரு, நல்லாச் சீரா இருக்கு. உங்க குடும்பத்து வழக்கம்."

அந்த வருஷப் போட்டி ஹாக்ஸ்லீயில் நடந்தது. நல்ல வெயில் நாள். தேவாலயத்துக்குப் பக்கத்தில் புல்வெளி. அதை ஒட்டி ஊர்ப் பொதுக்கூடம். அங்கே தேநீர், சான்ட்விச், பாலாடையும் ஜாமும் தடவிய ஸ்கோன் ரொட்டி. ஹாக்ஸ்லீயில் மணிக்கயிறுகள் தரைத்தளத்திலேயே தொங்கும். வெக்கைக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆகவே அடிப்பவர்களுக்குப் புல்வெளி தெரியும். புல்வெளிக்காரர்களுக்கு அடிப்பவர்கள் தெரிவார்கள்.

குலுக்கலில் மெர்லீ நான்காவது; ஆட்டர்கோம்ப் ஐந்தாவது. மெர்லீக்காரர்கள் உள்ளே போய்க் கயிறு பிடித்தார்கள். வரிசை பிசகாமல், முத்துக் கோத்தாற்போல மணிகள் ஏறின. புல்வெளியில் இருந்த மற்றக் குழுக்காரர்கள் கோப்பை போன வழியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். யூனிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரோவினா எழுந்து, நாலு எட்டு வைத்து, கூடத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்தாள்.

யூனிஸின் தேநீர்க் கோப்பை புல்லில் கிடந்தது. அவள் ஓடியே போனாள்.

"எப்பலேர்ந்து வலி?"

"காலையிலேர்ந்தே லேசா இருந்துச்சு. அப்பா அடிச்சு முடிக்கட்டும்னு..."

"நல்ல பொண்ணு போ. பிள்ளைக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. வில்ஃப்! ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க! கூடத்துல இருக்குற ஆம்பளைங்க எல்லாம் வெளிய! ஸ்கோனை எடுத்துட்டுப் போங்க, பரவாயில்ல."

கோபுரத்துக்குள்ளிருந்து ரூபன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் குனிந்ததையும் பார்த்தார். யூனிஸ் அவளை அணைத்து உள்ளே கூட்டிப் போனதையும் பார்த்தார். கையில் இரண்டாம் மணியின் கயிறு. சுழன்றுகொண்டிருக்கும் மணியைப் பாதியில் விட்டுவிட்டு ஓட முடியாது. டெரிக் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றதால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. நடுவர்களுக்கு மணிதான் கேட்கும், கேப்டனின் குரல் கேட்காது என்பது ரூபனுக்கு அப்போது நினைவு வந்தது.

"மூணு, நாலுக்கு!" என்று கூப்பிட்டார். பிறகு அதே குரலில்: "டெரிக், உன் பொண்டாட்டிக்கு வலி கண்டிருச்சு, கயித்த விட்டுராத! ரெண்டு, மூணுக்கு!"

"என்னது?" என்று அலறினான் டெரிக்.

"கயித்தப் பாருடா! அஞ்சு, ஆறுக்கு!"

ஊரிலேயே கனமான மணியைப் பிடித்திருந்த டெரிக்கின் முகம் வெண்ணெய் நிறத்துக்குப் போயிற்று. ஆனால் கை பிசகவில்லை.

கூடத்துச் சமையலறையில் யூனிஸ் மேசைத் துணிகளைத் தரையில் விரித்து, ரோவினாவைச் சாய்த்துப் படுக்க வைத்திருந்தாள். தேநீருக்கு வைத்த வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. இரும்பு அலமாரி நிறையச் சலவைத் துணி. இதைவிட மோசமான இடங்களில் எல்லாம் அவள் பிரசவம் பார்த்திருக்கிறாள். பெண்தான் மிரண்டுபோயிருந்தாள்; மூச்சு தாறுமாறாக ஓடியது. யூனிஸ் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள், பலிக்கவில்லை. அப்புறம் கவனித்தாள்: ரோவினாவின் விரல்கள் மேசைக்காலில் தட்டிக்கொண்டிருந்தன. வெளியே முழங்கும் மணிகளோடு சேர்ந்து ஒன்றிலிருந்து ஆறு வரை தட்டின. ரூபன் டாப்ஸ்காட்டின் மகள். தொட்டிலிலேயே இதைக் கேட்டு வளர்ந்தவள்.

"அதேதான் கண்ணு. ஒரு வரிசைக்கு உள்ள இழு. அடுத்த வரிசைக்கு வெளிய விடு. உங்கப்பா அடிக்கிறார், நீ பாட்டுக்குப் பின்னாலயே போ."

மூச்சு படிந்தது. யூனிஸ் கதவிடுக்கு வழியாகத் தலையை நீட்டினாள்.

"வில்ஃப், ஆம்புலன்ஸ்?"

"கிளம்பிட்டாங்களாம். வழியில வைக்கோல் வண்டி ஒண்ணு மாட்டிட்டு நிக்குதாம்."

"சரி, ஓடிப்போய் ரூபன்கிட்டச் சொல்லுங்க. நான் சொல்ற வரைக்கும் மணிய நிறுத்தக் கூடாது."

வில்ஃப் திடுக்கிட்டார். "நர்சம்மா, போட்டிக்கு அளவு இருக்கு. கூட அடிச்சா மதிப்பெண்ணே இல்லாம கடைசிக்குத் தள்ளிருவாங்க."

"மணி நின்னா இவ மூச்சும் நிலைதப்பிரும். போய்ச் சொல்லுங்க. அப்புறம் அவர் இஷ்டம்."

போட்டியில் அடிப்பவர்களிடம் யாரும் போய்ப் பேசக் கூடாது. வில்ஃப் வாழ்க்கையில் முதன்முறையாக அந்த விதியை மீறி, கதவருகே நின்று, யூனிஸ் சொன்னதை அப்படியே சொன்னார்.

மெர்லீ குழு அப்போது அளவின் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தது. அதுவரை தப்பென்று சொல்ல ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்து மணிகளை இறக்கிவிட்டால் கோப்பை அவர்களுடையது; அது ரூபனுக்கும் தெரியும், மற்ற நால்வருக்கும் தெரியும். டெரிக்கைக் கேட்கவே வேண்டாம். ரூபன் யாரையும் பார்த்து யோசனை கேட்கவில்லை.

"மறுபடியும் முதல்லேர்ந்து," என்றார். "ரெண்டு, மூணுக்கு!"

புல்வெளியில் பேச்சு அடங்கிவிட்டது. எல்லாரும் மணிக்காரர்கள், அளவு தாண்டியது எல்லாருக்கும் தெரிந்தது. ஏன் என்பதும் கொஞ்சநேரத்தில் வாய்வழியாகப் பரவியது. எதிர்வீட்டு மாடியில் நடுவர்களின் திரை லேசாக அசைந்து, மறுபடி மூடிக்கொண்டது. மெர்லீ அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. டெரிக்கின் சட்டை முதுகில் ஒட்டிப்போயிற்று. ரூபன் எண்களைச் சொல்லச் சொல்ல அவர் தொண்டை கட்டியது.

உள்ளே யூனிஸுக்குக் கடிகாரம் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அவசரமென்ற ஒன்று அவளிடமிருந்து மறைந்திருந்தது. முட்டி போட்டபடி, மணியைக் கேட்டபடி, ஒவ்வொரு வலிக்கும் இடையில் பெண்ணின் நெற்றியைத் துடைத்தபடி காத்திருந்தாள். ஆறாம் மணியின் கனத்த முழக்கத்தில் ஒருதரம் ரோவினா கண்ணைத் திறந்து, "டெரிக் லேட்டா அடிச்சுட்டான்," என்றாள், வலியிலும்.

"அப்புறமா சொல்லு அவன்கிட்ட. இப்ப இதைப் பாரு."

பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அழுத அழுகை புல்வெளி முழுக்கக் கேட்டது. அடுத்த நிமிடம் யூனிஸ் கதவைத் திறந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள்.

ரூபன் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "இறக்கலாம்," என்றார். அப்போதும் ஓடவில்லை. ஆறு மணிகளும் படிப்படியாக, சத்தம் குறைந்து, நெருங்கி, கடைசியில் ஒரு முணுமுணுப்பாகி அடங்கின. அந்த நாளில் அப்படியொரு இறக்கத்தை யாரும் இறக்கவில்லை. கயிறு கையைவிட்டுப் போனதும் டெரிக் கதவை நோக்கிப் பாய்ந்தான்; வாசற்படி தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி பாய்ந்தான். ரூபன் மட்டும் மெல்ல நடந்துவந்து கூடத்து வாசலில் நின்றார்.

"உள்ள வாங்க ரூபன். ஆட்டுப்பட்டியில வேலை ஒண்ணும் இல்லையே இன்னிக்கு?" என்றாள் யூனிஸ்.

அவர் வந்தார். பேத்தியை அவர் கையில் வைத்தாள். மழை நேரத்தில் ஆட்டுக்குட்டியை வாங்குவதுபோல மார்போடு சேர்த்து வாங்கிக்கொண்டார். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆம்புலன்ஸ் வரும்வரை யூனிஸ் தாயை விட்டு நகர மறுத்தாள். ஆட்டர்கோம்பின் முறை வந்து நின்றது. மீதிக் குழுக்கள் எல்லாம் கூடிப் பேசி, ஆட்டர்கோம்பைக் கடைசிக்கு மாற்றிவிட்டார்கள். ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. வண்டி போனபின் யூனிஸ் கையைக் கழுவி, சட்டைக்கையை இறக்கிவிட்டு, மூன்றாம் மணியின் கயிற்றைப் பிடித்தாள். களைப்பில் வழக்கத்தைவிட முரட்டுத்தனமாகவே அடித்தாள்.

சாயங்காலம் நடுவர்கள் இறங்கிவந்து, மதிலோரம் நின்று முடிவு சொன்னார்கள். தலைமை நடுவர் வெள்ளை முடி அம்மையார் ஒருவர்.

"நாலாவதா அடிச்ச குழு யாருன்னு எங்களுக்குத் தெரியாது. நிறுத்தவே மாட்டேன்னுட்டாங்க. எங்களுக்குப் பசியே வந்துருச்சு. விதிப்படி அவங்களுக்கு மதிப்பெண் கிடையாது, கடைசி இடம். ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த மாதிரி ஒரு இறக்கத்தை நான் கேட்டு ரொம்ப காலமாச்சு."

கோப்பை கடலோர ஊர்க் குழு ஒன்றுக்குப் போயிற்று. யூனிஸ் அதைக் காதில் வாங்கவில்லை. மெர்லீ கடைசி என்றால் ஆட்டர்கோம்ப் கடைசி இல்லை. இதை அவள் மனம் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் வில்ஃப் அவளை இடுப்போடு பிடித்துத் தூக்கிவிட்டார்.

"கடைசிக்கு முந்தின இடம் நர்சம்மா! கடைசிக்கு முந்தினது!"

"கீழ விடுங்க! இப்படியா ஜெயிக்கறது?"

"எப்படியோ!"

ரூபன் அந்தப் பக்கமாக வந்தார். கை கொடுப்பாரா மாட்டாரா என்று எல்லாரும் பார்த்தார்கள். கை கொடுத்தார்.

"மிஸ் நார்த்காட், உங்க மூணாம் மணி இன்னிக்கும் முந்திக்கிட்டுதான் போச்சு," என்றார்.

"தெரியும். மடல்ல போடுங்க."

"போடறேன்." ஒரு கணம் நின்றார். "வேற விஷயத்துல ஒண்ணும் முந்திக்கல. அதையும் போடறேன்."

போடவும் போட்டார். அந்த மாத மடலின் முதல் பக்கத்தில், மெர்லீயின் தோல்வியை ஒளிக்காமல் எழுதி, அதற்கு மேலே பேத்தி பிறந்த செய்தியை எழுதி, பிரசவம் பார்த்தவர் பெயரை முழுசாக எழுதியிருந்தார். குழந்தைக்கு யூனிஸ் என்றே பெயர் வைக்கலாமா என்று டெரிக் கேட்டபோது நர்சம்மா ஒரே போடாகப் போட்டாள்: "அந்தப் பேர வெச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடத்துல நான் பட்டது போதும். பாவம், அதை விட்டுருங்க." பெட்டுலா என்று வைத்தார்கள்.

ஞானஸ்நானத்துக்கு மெர்லீயில் மணியடிக்க ரூபன் அவளை அழைத்தார். டெரிக் குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டியிருந்ததால் ஒரு கயிறு காலியாக இருந்தது. மூன்றாம் மணிக்காரரை ஆறுக்கு மாற்றி, மூன்றை அவளுக்குக் கொடுத்தார். மெர்லீ கோபுரத்தில் வெளியூர்க்காரர் கயிறு பிடித்து எத்தனையோ காலமாகியிருந்தது. யூனிஸ் புதுத் தொப்பியோடு வந்தாள். கயிற்றைப் பிடிக்குமுன் அதைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அடிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே இரண்டாம் மணியின் தலையில் ஏறிவிட்டாள். இரண்டாம் மணி ரூபனுடையது.

அவர் வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. அவர் கழுத்து நரம்பு புடைத்து நின்றதை பக்கத்துக் கயிற்றில் நின்ற யூனிஸ் நன்றாகவே பார்த்தாள். அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பதும் அவளுக்குப் புரிந்தது. பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

"சொல்லித் தொலைங்க ரூபன்," என்றாள், கயிற்றை விடாமல். "வயித்துக்குள்ளயே வெச்சிருந்தா நல்லதுக்கில்ல. என் வேலையில நான் பார்த்தது அது."

"மெதுவாம்மா!" என்று கத்தினார் ரூபன், இத்தனை வருஷத்தையும் சேர்த்து. "மெதுவா!"

கோபுரமே சிரித்துவிட்டது. சிரிப்பில் இரண்டு வரிசை குழம்பிப்போய், பிறகு ஒருவழியாக நேரானது.